பென்ஷனை விட்டுக்கொடுத்தால் கஜானாவுக்கு லாபமா?

பாலக்கோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை காலை யாராவது ஒருவர் மஞ்சள் பையோடு வந்து உட்கார்ந்திருப்பார். பைக்குள் ஆதார் ஜெராக்ஸ், வங்கிப் பாஸ்புக், பழைய கம்பெனியின் அடையாள அட்டை, ஒரு காகிதத்தில் எழுதி மடித்த யுஏஎன் நம்பர், அதாவது பிஎஃப் கணக்கின் அடையாள எண். பிஎஃப் சமாச்சாரம். எனக்குத் தெரிந்த அளவு படித்துச் சொல்வேன், ஆன்லைனில் போட வேண்டியதைப் போட்டுக் கொடுப்பேன்.

போன மாதம் வந்தவர் எங்கள் பக்கத்துத் தெரு அக்கா. வயது 44. ஓசூர்ப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் 6 வருடம், பிறகு இன்னொரு கம்பெனியில் 5 வருடம். விடிவதற்கு முன்னால் மாரண்டஅள்ளி வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, இருட்டிய பிறகு திரும்பிய 11 வருடம். முதல் கம்பெனியை விட்டபோதே பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுத்துவிட்டார். மகள் காதுகுத்துக்கு ஆனது என்றார். இப்போது இரண்டாவது கம்பெனியும் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டது.

"பத்துசி ஃபாரம் போட்டு இதையும் எடுத்துடலாமா தம்பி? சீட்டு ரெண்டு மாசம் பாக்கி நிக்குது."

பத்துசி என்பது 10C, பிஎஃப்பில் பென்ஷன் பணத்தைக் கேட்கும் படிவம். எடுத்தால் என்ன போகும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே நிறுத்தி ஒன்று கேட்டார். "நான் எடுத்துக்கிட்டா கவர்மென்ட்டுக்கும் லாபந்தானே? வயசான காலத்துல எனக்குப் பென்ஷன் தர வேண்டியதில்ல பாரு."

நல்ல கேள்வி. படித்தவர்கள் பலரும் இதையே திருப்பிப் போட்டுக் கேட்கிறார்கள்: குறைந்த சம்பளக்காரர்கள் எல்லாரும் அரசு பென்ஷனுக்குத் திரும்பி வந்தால் கஜானா தாங்குமா? இரண்டும் ஒரே கேள்விதான். இதை ஒரு நாடே பல வருடம் சோதித்துப் பார்த்திருக்கிறது. பிரிட்டன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு அக்காவிடம் திரும்பி வருகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. பென்ஷனுக்குப் பணம் வரும் வழி இரண்டு. ஒன்று, சேர்த்து வைப்பது: நீங்கள் கட்டுவதை ஒரு நிதியில் போட்டு, வளர்த்து, வயதான பிறகு அதிலிருந்தே தருவார்கள். இன்னொன்று, கைமாற்றிக் கொடுப்பது: இன்று வேலை செய்பவர் கட்டும் காசு இன்றைய கிழவருக்குப் போகிறது, நாளை நாம் கிழவரானால் அன்றைக்கு வேலை செய்பவர் நமக்குக் கட்டுவார். பிரிட்டனின் அரசு பென்ஷன் இந்த இரண்டாவது வகை. உண்டியல் எதுவும் கிடையாது. இருப்பது வாக்குறுதியும் அதை எழுதி வைத்திருக்கும் பதிவேடும்தான்.

அங்கே அரசு பென்ஷன் 1908ஆம் வருடச் சட்டத்தில் தொடங்கியது. 1909 ஜனவரி 1 முதல், 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங். யாரும் எதுவும் கட்டத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, எல்லாரும் கட்டி எல்லாரும் பெறும் தேசியக் காப்பீடு வந்தது; அதில் எல்லாருக்கும் ஒரே அளவான அடிப்படைப் பென்ஷன். 1978இல் அதற்கு மேல் இன்னொரு அடுக்கு கட்டினார்கள்: சம்பளத்தைப் பொறுத்துக் கூடும் இரண்டாவது அரசு பென்ஷன்.

நம் விஷயம் இந்த இரண்டாவது அடுக்கில்தான் இருக்கிறது. அதிலிருந்து வெளியேற அனுமதி இருந்தது. கம்பெனி தன் ஆட்களுக்கு நல்ல பென்ஷன் வைத்திருந்தால் அவர்கள் இரண்டாவது அடுக்கில் சேர வேண்டியதில்லை. அதற்கு ஈடாகக் காப்பீட்டுக் கட்டணத்தில் ஒரு பகுதி தள்ளுபடி. 1988இல் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. தனி ஆள் ஒருவரே தனியார் பென்ஷன் கணக்கு தொடங்கி வெளியேறலாம். தள்ளுபடித் தொகையை அரசே அந்தக் கணக்கில் போடும். அதற்கு மேல் 1993 வரை 2 சதவீத ஊக்கத்தொகை வேறு. லட்சக்கணக்கானவர்கள் வெளியே போனார்கள். குறைந்த சம்பளக்காரர்களும் போனார்கள். அவர்களுக்கு வந்த தள்ளுபடி சிறியது, தனியார் கணக்கின் பராமரிப்புச் செலவு மட்டும் சிறியதாக இருக்கவில்லை. அரைக்கால் படி அரிசியை அரைக்க மில்லுக்குக் கொண்டுபோன கதைதான்.

பிறகு அவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். அப்போதுதான் செலவுக் கேள்வி எழுந்தது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம், நம் ரூபாயிலேயே. ஒரு தொழிலாளி மாதம் 1,000 ரூபாய் காப்பீடு கட்ட வேண்டும். வெளியே நின்றால் அதில் 300 ரூபாயை அரசு அவருடைய தனியார் கணக்குக்கு அனுப்புகிறது. அவர் திரும்பி வந்துவிட்டால் அந்த 300 கஜானாவிலேயே நிற்கும். வருடத்துக்கு 3,600. பத்து லட்சம் பேர் திரும்பினால் 360 கோடி. அந்த வருடப் பட்ஜெட்டில் இது வரவு. நிதி அமைச்சருக்குச் சந்தோஷம். செலவு எங்கே? 20, 30 வருடம் கழித்து. அந்தப் பத்து லட்சம் பேருக்கும் இரண்டாவது பென்ஷன் கூடுதலாகத் தர வேண்டும், ஒவ்வொருவரும் சாகும்வரை.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தோப்பை மூன்று வருடத்துக்குக் குத்தகைக்கு விட்டால் முதல் வருடமே கை நிறையப் பணம். அதை 'இந்த வருஷம் எனக்கு வருமானம் கூடிடுச்சு' என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த இரண்டு காய்ப்பும் குத்தகைக்காரருடையது. மரத்தில் பெங்களூரா மாங்காய் தொங்குவதைப் பார்க்கலாம், பறிக்க முடியாது. திரும்பி வந்த தொழிலாளியின் 300 ரூபாயும் அப்படி வாங்கிய குத்தகைப் பணம்தான். வாங்கிய அன்றே பின்னால் தர வேண்டியதும் பிறந்துவிடுகிறது. அரசின் கணக்கு வருடா வருடம் வரவையும் செலவையும் மட்டும் எழுதும் முறையில் இருந்தால், வரவு மட்டும் கண்ணில் படும். கடன் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

இந்த இடத்தில் நம் ஊர் வாசகர்களுக்குப் பழைய பென்ஷன் விவகாரம் ஞாபகம் வரும். அது அரசு ஊழியர்களின் பென்ஷன், வேறு விஷயம். ஆனால் உள்ளே ஓடும் கணக்கு இதே தான். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு, ஊழியரும் அரசும் பங்கு போட்டுச் சேர்க்கும் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் 2022, 2023 வாக்கில் பழைய முறைக்குத் திரும்பின. திரும்பிய மாநிலம் ஊழியர் பேரில் நிதிக்கு மாதாமாதம் கட்டி வந்த பங்கை நிறுத்திவிடலாம். அந்த வருடம் கையில் பணம் மிஞ்சும். பெரிய செலவு, இன்று 30 வயதில் இருப்பவர்கள் ஓய்வு பெறும்போது வரும். சரியா தவறா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. முதல் வருட மிச்சத்தை வைத்து யாராவது வாதம் செய்தால் நம்பாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, பின்னால் வரும் செலவு எவ்வளவு என்று இன்றைக்கே எப்படிச் சொல்வது? 25 வருடம் கழித்து 1 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று வையுங்கள். பணம் வருடம் 7 சதவீதம் வளரும் என்று நம்பினால், இன்று சுமார் 18,400 ரூபாய் ஒதுக்கினால் போதும். 3 சதவீதம்தான் வளரும் என்றால் சுமார் 47,800 ஒதுக்க வேண்டும். அதே வாக்குறுதி, அதே ஆள். வட்டி அனுமானத்தை மாற்றியதும் செலவு இரண்டரை மடங்கு. அதனால் 'இந்தப் பென்ஷனால் அரசுக்கு இத்தனை கோடிச் சுமை' என்று பத்திரிகையில் ஒரு எண்ணைப் படித்தால், எந்த வட்டியை வைத்துப் போட்டார்கள் என்று தேடிப் பாருங்கள். அது இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

இன்னொரு சங்கதி இருக்கிறது. யார் திரும்பி வருகிறார்கள் என்பது. பிரிட்டனில் 1997 வரை தனியார் கணக்குக்கான தள்ளுபடி எல்லா வயதினருக்கும் ஒரே விகிதம். 25 வயதுக்காரரின் காசு வளர 40 வருடம் இருக்கிறது. 50 வயதுக்காரருக்கு 15 வருடம்தான். ஆகவே இளவயதில் வெளியே இருப்பது லாபம், வயதானதும் உள்ளே வருவது லாபம். கணக்குத் தெரிந்தவர்கள் அப்படியே செய்தார்கள். அதாவது, யாரை உள்ளே வைத்திருப்பது அரசுக்கு மலிவோ அவர்கள் வெளியே. யாருக்குப் பென்ஷன் தருவது செலவு அதிகமோ அவர்கள் உள்ளே. 1997 ஏப்ரலில் வயதுக்குத் தகுந்தபடி தள்ளுபடியை மாற்றி அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தார்கள். உள்ளே, வெளியே என்று தேர்வை ஆள்மேல் விட்டால், கஜானா எப்போதும் தோற்கும் பக்கத்தில்தான் நிற்கும். குறைந்த சம்பளக்காரர்கள் இப்படிக் கணக்குப் போட்டு வந்து போனவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களிடம் யார் பேசினார்களோ அந்தப் பேச்சைக் கேட்டுப் போனார்கள், வந்தார்கள். எங்கள் திண்ணையிலும் அப்படித்தான்.

இப்போது 2002. இந்தக் கதையில் முக்கியமான வருடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

1978இன் திட்டத்துக்குப் பதிலாக 2002 ஏப்ரலில் புதிய இரண்டாவது அரசு பென்ஷன் வந்தது. சம்பளம் குறைந்தவருக்குப் பழைய திட்டம் எதுவும் தராது என்பதுதான் மாற்றத்துக்குக் காரணம். எவ்வளவு 'எதுவும் தராது' என்று பாருங்கள். வருடம் 5,000 பவுண்டு சம்பாதிக்கும் ஒரு பெண், பகுதிநேர வேலை. கணக்கு தொடங்கும் கீழ் எல்லை அப்போது 3,900 பவுண்டு. மீதி 1,100. பழைய முறையில் அதில் 20 சதவீதம், 220 பவுண்டு. அதை 49 வருட உழைப்புக் காலத்தால் வகுக்க வேண்டும். ஒரு வருடம் முழுக்க உழைத்ததற்கு, வயதான பிறகு வருடத்துக்குச் சேரும் பென்ஷன் ஏறத்தாழ நாலரை பவுண்டு. வாரத்துக்கு 10 பென்ஸ்கூட இல்லை.

புதிய விதி என்ன செய்தது? கீழ் எல்லையைத் தாண்டிய யாராக இருந்தாலும், 10,800 பவுண்டுக்குக் குறைவாகச் சம்பாதித்தால், 10,800 சம்பாதித்ததாகவே வைத்துக்கொள் என்றது. சதவீதத்தையும் 20இலிருந்து 40 ஆக்கியது. இப்போது அதே பெண்ணுக்கு: 10,800இல் 3,900 போக 6,900. அதில் 40 சதவீதம் 2,760. 49ஆல் வகுத்தால் சுமார் 56 பவுண்டு. நாலரை எங்கே, 56 எங்கே! அவர் கட்டும் கட்டணம் ஒரு பென்னிகூடக் கூடவில்லை.

குறைந்த சம்பளக்காரர் இரண்டாவது அடுக்குக்குத் திரும்புவது இதன் பிறகு அவருக்குத் தெளிவான லாபம். அரசுக்கு அந்த அளவு செலவு. ஆனால் ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியே நின்ற குறைந்த சம்பளக்காரருக்கும் அரசு இந்த விதியின்படி ஒரு நிரப்புத் தொகை வைத்திருந்தது. ஆகவே செலவின் பெரும்பகுதி அவர் திரும்பி வந்ததால் வந்ததல்ல. ஏழைக்கு நாலரைக்குப் பதில் 56 தருவோம் என்று நாடாளுமன்றம் எடுத்த முடிவால் வந்தது. திரும்பி வருகிறவர்களைச் சுமை என்று பேசும்போது இது மறந்துபோகிறது.

அடுத்தது, என் பார்வையில் இந்த விஷயத்தின் மையம்.

பென்ஷன் இல்லாத ஏழைக் கிழவியை அரசு அப்படியே விட்டுவிடுமா? பிரிட்டனில் விடவில்லை. 2003 அக்டோபரில் பென்ஷன் கிரெடிட் என்ற உதவி தொடங்கியது. தனியாக இருக்கும் முதியவருக்கு வாரம் 102.10 பவுண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; குறைந்தால் அரசு நிரப்பும். அப்போது முழு அடிப்படைப் பென்ஷன் வாரம் 77.45. இடைவெளி 24.65. இரண்டாவது பென்ஷன் எதுவும் இல்லாதவர் விண்ணப்பித்தால் இந்த 24.65 உதவியாக வரும். அவருக்கு வாரம் 20 பவுண்டு இரண்டாவது பென்ஷன் இருந்தால்? உதவி 4.65 ஆகக் குறையும். (சேமித்தவர்களுக்கென்று ஒரு ஊக்கப் பகுதியும் அந்தத் திட்டத்தில் இருந்தது, அது கணக்கை மாற்றும், திசையை மாற்றாது.)

அதாவது 20 பவுண்டு பென்ஷனால் அரசுக்கு 20 பவுண்டும் புதுச் செலவாகவில்லை. ஒரு கையால் தருகிற பென்ஷன், மறு கையால் தந்திருக்க வேண்டிய உதவியைக் குறைக்கிறது. நிகரச் செலவு, மேலே தெரியும் செலவைவிடக் குறைவு. நல்ல சம்பளக்காரர் திரும்பி வந்தால் இப்படி நடக்காது, ஏனென்றால் அவருக்கு உதவி தர வேண்டியிருக்காது. குறைந்த சம்பளக்காரர் விஷயத்தில் மட்டும்தான், அரசு எப்படியும் தர வேண்டியதையே வேறு பெயரில் தருகிறது. 'திரும்புவதால் ஆகும் செலவு' என்று கணக்குப் போடுகிறவர் இதைக் கழிக்காவிட்டால் அந்தக் கணக்கு முழுக்கணக்கு ஆகாது.

ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. உதவி கேட்க வேண்டும். பென்ஷன் தானாக வரும். தகுதி இருந்தும் பென்ஷன் கிரெடிட் கேட்காதவர்கள் அங்கே நிறைய. கேட்காதவர்களின் பங்கு கஜானாவில் மிச்சம். கணக்கில் அது சிக்கனமாகத் தெரியும். எனக்கு அதைச் சிக்கனம் என்று சொல்ல மனம் வரவில்லை. அது ஒரு கிழவியின் சாப்பாடு.

பிரிட்டன் கடைசியில் அந்தக் கதவையே மூடிவிட்டது. தனியார் கணக்குக்குத் தள்ளுபடி வாங்கி வெளியேறும் வசதி 2012 ஏப்ரல் 6இல் முடிந்தது. கம்பெனித் திட்டங்களுக்கு 2016 ஏப்ரல் 6இல். அன்றே இரண்டு அடுக்குகளையும் கலைத்து வாரம் 155.65 பவுண்டு என்று ஒரே புதிய அரசு பென்ஷன் ஆக்கினார்கள். முழுதாகப் பெற 35 வருடக் கட்டணம். தனியார் சேமிப்பை அதற்கு மாற்றாக இல்லாமல் அதன் மேல் சேர்க்கும் அடுக்காக, 2012 அக்டோபர் முதல் தானாகச் சேர்க்கும் முறையில் கொண்டுவந்தார்கள். முதலில் அரசின் உறுதியான தரை, அதற்கு மேல் உன் சேமிப்பு என்பது இப்போதைய வடிவம். கால் நூற்றாண்டு போய் வந்து கற்றது.

இனி நம் ஊர்.

அக்காவுக்குச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி பிஎஃப்புக்குக் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், அதாவது 833 ரூபாய், பென்ஷன் நிதிக்குப் போகிறது. மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதம் போடுகிறது: 116 ரூபாய். சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் 15,000 வரைதான் இந்தக் கணக்கு. 1995 நவம்பரில் தொடங்கிய திட்டம் இது. 10 வருடச் சேவை இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன். சூத்திரம் சுலபம்: சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகு. அக்கா முதல் கம்பெனிப் பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால் சேவை 11 வருடம். 10,000 பெருக்கல் 11, வகுத்தல் 70. மாதம் 1,571 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் உயிர் உள்ளவரை வரும்.

எடுத்ததால் கையில் வந்தது, உழைத்த வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். அந்த 6 வருடம் பதிவேட்டிலிருந்து அழிந்தது. இப்போது அடுத்த 5 வருடத்தையும் எடுத்தால் ஐம்பதாயிரம் ரூபாய் அளவு வரும், கணக்கு பூஜ்யம்.

அரசுக்கு லாபமா? அக்காவுக்கு 60 வயதாகும்போது பென்ஷன் இருக்காது. வேறு ஆதரவும் இல்லையென்றால் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போடுவார். ஓஏபி என்று நம் ஊரில் சொல்வது. 2023 ஆகஸ்ட் முதல் தமிழ்நாட்டில் மாதம் 1,200 ரூபாய். மத்தியத் திட்டத்தில் வருபவராக இருந்தால், 80 வயது வரை அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான். மீதி ஆயிரமும் மாநிலத்துடையது. வருடத்துக்கு 14,400 ரூபாய். அக்கா 75 வயது வரை இருந்தால் 2,16,000. இதற்கு யாரும் முன்கூட்டி ஒரு ரூபாய் கட்டி வைக்கவில்லை. கம்பெனியும் கட்டவில்லை, நிதியும் வளரவில்லை. முழுக்க அன்றைய வரிப்பணம்.

பென்ஷனில் நீடித்தால் பொதுப்பணம் மாதம் 116, பத்து வருடமோ பதினைந்து வருடமோ. விட்டுவிட்டால் மாதம் 1,200, சாகும்வரை. அன்றைய விலைவாசியில் அது இன்னும் கூடியிருக்கும். வேறு பென்ஷன் வாங்குபவருக்குப் பொதுவாக ஓஏபி கிடையாது என்பதால், பிரிட்டனில் பார்த்த அதே ஒரு-கை-மறு-கைக் கணக்கு இங்கேயும் நிற்கிறது. சூத்திரப்படி 1,000 ரூபாய்க்குக் குறைவாக வந்தாலும் 2014 செப்டம்பர் முதல் 1,000 உறுதி. அந்தக் குறையை மத்திய பட்ஜெட்டிலிருந்து நிரப்புகிறார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் அக்கா உள்ளே இருப்பதுதான் பொதுக்கணக்கில் மலிவு.

இதில் இன்னொரு முடிச்சு. 116 ரூபாய் டெல்லியின் பை. ஆயிரம் ரூபாய் சென்னையின் பை. அக்கா எடுத்துக்கொண்டால் மிச்சமாவது ஒருவருக்கு, செலவு வருவது இன்னொருவருக்கு. பொதுச் செலவு என்று ஒரே சொல்லில் பேசுகிறோம், பை ஒன்றல்ல.

கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிறவர்கள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர்ப் பக்கம் போய்க் கேளுங்கள், வீட்டுக்கு ஒருவர் அங்கே கொத்தனாரோ சித்தாளோ. கட்டடச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கென்று வரியாகப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. பிடிப்பது கட்டடம் எழும்பும் மாநிலம். பெங்களூரில் எழும் அடுக்குமாடிக்கு உண்டான வரி கர்நாடக வாரியத்துக்கு. இருபது வருடம் அங்கே கலவை சுமந்துவிட்டு இடுப்பு ஒடிந்து ஊர் திரும்புகிறவர் முதியோர் பணம் கேட்டு நிற்பது இங்கே உள்ள தாசில்தார் ஆபீஸில். உழைப்பின் பங்கு ஒரு மாநிலத்தில் தங்கிவிட்டது, முதுமையின் செலவு இன்னொரு மாநிலத்துக்கு வந்துவிட்டது. குறை சொல்ல ஒரு தனி ஆள் இல்லை. ஆனால் அந்த மனிதருக்கு ஒரு பதிவேட்டிலும் ஒரு வருடச் சேவைகூட இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. 2015இல் வந்த அடல் பென்ஷன் யோஜனா: 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும், 60க்கு மேல் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை. 18 வயதில் சேர்ந்தால் 1,000 ரூபாய் பென்ஷனுக்கு மாதம் 42 ரூபாய். 40 வயதில் சேர்ந்தால் அதே ஆயிரத்துக்கு 291. 2019இல் வந்த பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான்தன் 3,000 ரூபாய் தருகிறது. நீங்கள் போடும் அளவுக்கு மத்திய அரசும் போடும். இந்த இரண்டாவதில் பொதுச் செலவு மாதாமாதம் கண்ணுக்குத் தெரிகிறது. அது நல்ல பழக்கம். முதலாவதில் அரசு தருவது குறைந்தபட்ச உத்தரவாதம். நிதி வளராமல் போனால் மட்டும் செலவு.

இரண்டிலும் விலைவாசிக்கு ஏற்றம் இல்லை. 18 வயதுப் பெண் இன்று ஆயிரம் ரூபாய்ப் பென்ஷனுக்குச் சேர்ந்தால், 42 வருடம் கழித்து, விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறியிருந்தால், அந்த ஆயிரத்தின் மதிப்பு இன்றைய 130 ரூபாய்க்குள் இருக்கும். அதை வைத்து மாதம் முழுக்க டீகூடக் குடிக்க முடியாது. அப்போது அவரும் ஓஏபி வரிசைக்கு வருவார். பென்ஷனைச் சிறியதாக வைத்தால் செலவு குறையும் என்று நினைப்பது இப்படித்தான் முடிகிறது: பென்ஷனிலிருந்து துரத்திய செலவு உதவித்தொகைக் கவுன்ட்டரில் வந்து நிற்கும்.

இவ்வளவையும் அக்காவிடம் இந்த வரிசையில் சொல்லவில்லை. பிரிட்டன் கதையை விட்டுவிட்டேன். 116ஐயும் 1,200ஐயும் மட்டும் அவருடைய காகிதத்தின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கும் நஷ்டம், அவங்களுக்கும் நஷ்டமா?"

"ஆமாங்க்கா. உங்க பேர்ல 5 வருஷம் இருக்குது. எடுக்காம இதுக்கு ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வச்சுக்கலாம், இத்தனை வருஷம் வேலை செஞ்சீங்கன்னு அத்தாட்சி அது. அடுத்த கம்பெனியில இன்னொரு 5 வருஷம் செஞ்சீங்கன்னா பத்தாயிடும். சம்பளம் 12,000 ஆச்சுன்னா மாசம் 1,700 சொச்சம் வரும்."

"அதுக்கு எந்த ஃபாரம்?"

"இதே பத்துசிதான்க்கா. பணம் வேணும்னு கேக்கறதும் இதுலதான், சர்டிபிகேட் கேக்கறதும் இதுலதான்."

ஒரே படிவம் என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. முதல் தடவை எடுத்தபோது அப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை என்றார். கம்பெனி வாசலில் ஒருவர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தாராம். கையெழுத்து மட்டும் இவர் போட்டாராம்.

காகிதத்தை நாலாக மடித்து மஞ்சள் பையில் வைத்தார். "சீட்டுக்காரம்மா பத்தாம் தேதி வரும். மகளைக் கேட்டுட்டு அதுக்குள்ள சொல்றேன் தம்பி" என்று செருப்பைத் தேடினார். ராயக்கோட்டை ரோட்டில் புதிதாக ஆள் எடுக்கிறார்களாம், நாளைக் காலை போய்ப் பார்க்கப் போவதாகவும் சொன்னார்.